முழுப் படத்தில் விடுபட்டவர்

பஞ்சசீலத்தை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். ஓதிய சீலம் விகாரையின் வாயிற்படியோடு நின்றுவிடுமா, அன்றி நம் கையிலுள்ள கருவிகளையும் அது கட்டுப்படுத்துமா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கத்திக்கும் தராசுக்கும் சீலம் உண்டென்பதை எவரும் ஒப்புவர். நிழற்படக் கருவிக்கும் சீலம் உண்டென்றால் பலர் வியப்படைவர். சென்ற வைகாசிப் பௌர்ணமி கழிந்த சின்னாட்களில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கேள்வியை நம்முன் கொண்டுவந்து நிறுத்திற்று. அதனை அன்பர்கள் முன் வைத்து ஆராய்வதே நம் நோக்கம்.

தங்கவயலின் சுரங்கக் குடியிருப்பு ஒன்றில் நம்மவர் கட்டிய பழைய மண்டபம் ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவரில், பொருளாலும் உழைப்பாலும் அம்மண்டபத்தை எழுப்பியோரின் பெயர்கள் கற்பலகைகளில் வெட்டப்பட்டிருக்கின்றன. சுரங்கத்தின் அடியில் இறங்கிப் பாறை பிளந்து, வார இறுதியில் கூலியிலிருந்து காசு எடுத்துவைத்தவர்களின் பெயர்கள் அவை. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து இரவில் திரும்புகின்றனர். சயனைடு மண்மேட்டிலிருந்து எழும் தூசியும், ஆண்டுதோறும் அடிக்கப்படும் சுண்ணாம்பும் அப்பெயர்களை மெல்ல மெல்ல மூடி வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் ஒருவராலும் படிக்க முடியாது.

ஆதலின் நம் இளைஞர் சிலர், பௌர்ணமி விழா நாளன்று மண்டபத்தையும் முன்றிலையும் கூடியிருந்த மக்களையும் ஒருசேரக் காட்டும் பெரும்படம் ஒன்றை எடுக்க முற்பட்டனர். பனோரமா என்று வழங்கும் இவ்வகைப் படத்தை ஒரே சொடுக்கில் எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து ஒட்டி ஒன்றாக்குவர்.

இதன் செய்முறையை அறிந்தால்தான் இதன் அறமும் விளங்கும். பத்து மீட்டர் நீளமுள்ள சுவரில் விரற்கடை உயரமுள்ள எழுத்துகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவ்வெழுத்தைப் பின்னர் பெரிதாக்கிப் படிக்கவேண்டுமாயின், சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது பத்துப் புள்ளிகளேனும் வேண்டும். அங்ஙனமாயின் சுவரின் நீளத்துக்கு மட்டும் பதினாயிரம் புள்ளிகள் ஆகும். இக்காலத்து நல்ல கருவியின் ஒரு படத்தில் அகலத்துக்கு ஆறாயிரம் புள்ளிகளே உண்டு. எனவே கருவியை முக்காலியில் ஏற்றி, சிறிது சிறிதாகத் திருப்பி, வரிசை வரிசையாகப் படங்கள் எடுப்பர். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் மேல் மூன்றிலொரு பங்கு படியவேண்டும். வெளிச்சத்தின் அளவும் குவியமும் நடுவில் மாறலாகா. கருவி சுழலும் அச்சு வில்லையின் உள்ளே ஒரு குறித்த இடத்தில் அமையவேண்டும். அது பிறழ்ந்தால் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சுவரும் படத்துக்குப் படம் இடம் பெயர்ந்து ஒட்டுக்கு இணங்கா. பின்னர் கணிப்பொறி, படிந்த பகுதிகளில் ஒத்த புள்ளிகளைத் தானே தேடிப் பொருத்துகிறது. கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ பிரவுன், டேவிட் லோ என்னும் இருவர் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இத்துறையில் பெரும் மாற்றத்தை விளைத்தது. முன்பு கையால் பொருத்திய வேலையை அதன்பின் கணிப்பொறியே செய்யலாயிற்று.

நம் இளைஞர் மூன்று வரிசைகளில் வரிசைக்கு இருபதாக அறுபது படங்கள் எடுத்தனர். ஒவ்வொன்றும் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்டது. படிந்த பகுதிகளைக் கழித்து ஒட்டியபின் அறுபது கோடிப் புள்ளிகளுக்கு மேற்பட்ட ஒரே படம் கிடைத்தது. அதனைத் திரையில் காட்டியபோது கூட்டத்தார் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. தம் பாட்டனார் பெயரைச் சுவரில் நெருங்கி நின்று படிக்க முடியாதவர்கள், திரையில் பெரிதாக்கிப் படித்துக் கண் கலங்கினர். அப்பொழுது பின்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, “எங்கம்மா நாள் முழுக்க அங்கேதானே இருந்தாங்க? படத்துல மட்டும் எங்கே போனாங்க?” என்று கேட்டார்.

அவ்வம்மையார் மண்டபத்து முன்றிலைப் பெருக்குபவர். அறுபது படங்களையும் எடுத்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அக்கால்மணி நேரமும் மேடையிலிருந்தோர் அசையாது அமர்ந்திருந்தனர். இவரோ இடையறாது நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் முழுமையாகவும், மற்றொன்றில் பாதியாகவும், இன்னொன்றில் சேலைத் தலைப்பு மட்டுமாகவும் அவர் விழுந்திருந்தார். ஒட்டும்போது இவை ஒன்றோடொன்று பொருந்தாமல் கரும்புகை போலத் தோன்றின. படத்தைத் தூய்மை செய்த இளைஞர் அவற்றை ‘ஆவி’ என்று தம் தொழில்மொழியிற் குறித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அவர் நெஞ்சில் தீங்கு ஏதுமில்லை. எனினும் நாளெல்லாம் உழைத்தவர் துடைக்கப்பட்டார். அமர்ந்திருந்தவர் அனைவரும் நிலைபெற்றனர்.

இது புதிய குற்றமன்று. நிழற்படக் கலையின் பிறப்பிலேயே இது தோன்றிவிட்டது. 1838 ஆம் ஆண்டு தாகேர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றை உயரத்திலிருந்து படமெடுத்தார். பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தமையால், வீதியில் ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் படத்தில் விழவேயில்லை. வெறிச்சோடிய வீதியே கிடைத்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தென்படுகிறார். தம் காலணிக்கு மெருகிட நின்றவர் அவர். மெருகிட்ட தொழிலாளியோ அவர் காலடியில் மங்கிய நிழலாகத் தெரிகிறார். நிற்க நேரமுள்ளவனைப் படம் காத்தது. குனிந்து உழைத்தவனுக்கு நிழலளவே கிடைத்தது. கருவிக்குச் சாதி தெரியாது. ஆயினும் அசையாதிருப்போர்க்குச் சிறப்பும் அசைவோர்க்கு மறதியும் அளிக்கும் இயல்பு அதனிடம் உண்டு. யார் அமர்வர், யார் அசைவர் என்பதை வகுத்ததோ நம் சமூகம். சமூகம் வகுத்ததைக் கருவி அப்படியே எழுதி வைக்கிறது.

இதனால் இப்படங்களே வேண்டா என்று கூறலாமா? கூறலாகாது. இவற்றால் நமக்கு விளைந்த நன்மை பெரிது.

1858 ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராகத் தஞ்சைப் பெருங்கோயிலுக்குச் சென்றார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியோடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கணிப்பொறி தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, தமிழெழுத்துக்காகத் தமிழகத்திலேயே இவ்வொட்டுக்கலை நடந்திருக்கிறது. அதே ஆண்டில் அவர் சென்னை மியூசியத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845 ஆம் ஆண்டு அகழ்ந்து சென்னைக்கு அனுப்பிய கற்கள் அவை. அடுத்த ஆண்டே அவற்றுட் பல கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. மகாசைத்தியம் நின்ற இடத்தில் இன்று மேடே மிஞ்சியுள்ளது. கல் பிரிந்து போகும் தறுவாயில் படம் அதனைக் கண்டுகொண்டது.

பாமியான் செய்தியை நாம் மறக்கவில்லை. 2001 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அம்மலைச் சிலைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 1970 ஆம் ஆண்டு ஆஸ்திரிய அறிஞர் கோஸ்ட்கா எடுத்துவைத்திருந்த அளவைப் படங்களைக் கொண்டு, சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பெரிய சிலையின் வடிவைக் கணிப்பொறியில் மீண்டும் அமைத்தனர். படமெடுத்தவர் அழிவை எதிர்பார்த்து எடுக்கவில்லை. அளவைப் பிழையின்றி எடுத்தார், அவ்வளவே. அந்நேர்மையே முப்பதாண்டு கழித்துப் பயன்பட்டது.

பெயர்களின் வலிமைக்கும் ஒரு சான்று காட்டுவோம். பூனாவுக்கு அருகில் கோரேகாவில் நிற்கும் தூண் 1818 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நிகழ்ந்த போரின் நினைவு. அதில் வெட்டப்பட்ட 49 பெயர்களுள் ‘நாக்’ என முடியும் 22 பெயர்கள் மகார் வீரர்களுடையவை. கல்லில் அப்பெயர்கள் தெளிவாக இருந்தமையால்தான், பின்வந்தோர் தம் முன்னோரை அங்கே கண்டுகொள்ள முடிந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1927 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அங்குச் சென்று நின்றதும் அதனாலேயே. அப்பெயர்ப் பகுதி தேய்ந்து வெறுங்கல் நின்றிருக்குமாயின், அது மற்றொரு வெற்றித்தூணாகவே எஞ்சியிருக்கும். எழுத்துத் தெளிவு என்பது அழகுக்காக மட்டும் அன்று. எளியோர்க்கு அஃது ஆவணம்.

இனி, அறக் கேள்விக்கு வருவோம். நான்காம் சீலம் பொய்யுரையாமை. ஒட்டுப்படம் பொய்யா? அறுபது கணங்களைச் சேர்த்து ஒரே கணம்போலக் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஒரு கணத்தை எவரும் கண்டதில்லை. ஆயின் பொய்யே என்று தோன்றும். இங்கே மிலிந்தன் நாகசேனரிடம் பெற்ற விடையை நினைவு கூர்வோம். சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, நுகம் தேரன்று. இவையெல்லாம் கூடியவழித் தேர் என்னும் பெயர் வழக்கு எழுகிறது. அதுபோலவே இப்படமும் அறுபதின் கூட்டத்துக்கு நாம் இட்ட பெயரே. வழக்கில் குற்றமில்லை. வழக்கை வழக்கென்று அறியாமல், ‘இதுவே முழுமை, இதற்கு அப்பால் ஒன்றுமில்லை’ என்று பற்றிக்கொள்வதிலும், பிறரை அவ்வாறு நம்பவைப்பதிலுமே குற்றம் உண்டு.

ஆகவே நீக்குதல் எல்லாம் பொய்யென்று கொள்ளவேண்டுவதில்லை. எதைக் காட்டுவதாக வாக்களித்தோமோ, அதனை நீக்குதலே பொய். கல்வெட்டைக் காட்டும் படத்தில் குறுக்கே சென்றவரை நீக்கினால் வாக்குக் கெடாது. அங்கே எழுத்தே பொருள். ‘விழா நாளில் நம் மக்கள்’ என்று பெயரிட்ட படத்திலோ மக்களே பொருள். அதில் ஒருவரைத் துடைத்தல் வாக்கைத் துடைத்தலாகும். இளைஞரின் மறுமொழியும் புறக்கணிக்கத் தக்கதன்று. “பாதி உடலும் இரட்டை முகமுமாக அவரை விட்டுவைப்பது அதனினும் அவமதிப்பன்றோ?” என்று அவர் கேட்டார். உண்மைதான். ஆனால் வழி இரண்டே என்று அவர் கொண்டதுதான் பிழை. அவர் முழுமையாக விழுந்த படம் ஒன்று இருந்தது. ஒட்டும் கோட்டை அவரைச் சுற்றி வளைத்து அமைத்திருந்தால் அவர் முழுவுருவோடு நின்றிருப்பார். அதற்கு அரைமணி நேர உழைப்பே கூடுதலாகும். மேடையிலிருந்த தலைவர் ஒருவர் தலை திருப்பியதால் முகம் இரட்டித்தபோது, அவ்வரைமணி நேரத்தை அவர் மனமுவந்து செலவிட்டிருந்தார். யாருக்காக நாம் கூடுதல் உழைப்பை நல்குகிறோம் என்பதிலேயே நம் அறம் வெளிப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் சீலம் கொடாததைக் கொள்ளாமை. முகமும் ஒருவனுடைய உடைமையே. 2009 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஒபாமா பதவியேற்ற விழாவை டேவிட் பெர்க்மன் என்பவர் 220 படங்களால் ஒட்டி எடுத்தார். 147 கோடிப் புள்ளிகள் கொண்ட அப்படத்தில், கடல்போன்ற கூட்டத்திலிருந்து தனித்தனி முகங்களை நெருங்கிக் காணலாம். முன்பெல்லாம் கூட்டமே ஒரு போர்வையாக இருந்தது. ஆயிரவருள் ஒருவனாக நிற்பவனை யாரும் தனித்துக் காணார். இப்படம் அப்போர்வையை நீக்கிவிட்டது. முகத்தைக் கண்டு பெயரைச் சொல்லும் கணிப்பொறிகளும் இன்று வந்துவிட்டன.

நம்மவர்க்கு இது வெறும் வாதமன்று. தீட்சை பெற்ற செய்தி வீட்டுக்காரர்க்குத் தெரிந்தால் வாடகை வீட்டை விடவேண்டியிருக்குமோ என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். பணியிடத்தில் தம் பிறப்பையும் மார்க்கத்தையும் வெளிப்படுத்தாதோரும் உளர். இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவர்: “1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் பட்டப்பகலில் திறந்த வெளியில் தம்மம் ஏற்றனர். ஒளிந்து வாழ்ந்த காலம் அன்றே முடிந்தது. இனி முகம் காட்ட அஞ்சுவானேன்?” இக்கூற்றின் வீரத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் நாகபுரியில் வந்தோர் தாமே வந்தனர், தம் முகத்தைத் தாமே தந்தனர். துணிவை ஒருவன் தானே தரவேண்டும். பிறனொருவன் அவனுக்காக அதனைத் தந்துவிட முடியாது. பிறன் பொருளை எடுத்து வழங்குவது தானமாகுமா? ஆகாதன்றே. அவ்வாறே, பிறன் துணிவை நாம் செலவிட்டு நமக்குப் புகழ் தேடுவதும் தகாது.

இரண்டு சீலங்களும் இங்கே ஒன்றையொன்று தடுப்பதுபோலத் தோன்றும். ஒன்று, யாரையும் துடைக்காதே என்கிறது. மற்றொன்று, இசையாதவரைச் சேர்க்காதே என்கிறது. சற்று எண்ணினால் முரண் இல்லை. இரண்டும் ஒன்றையே வேண்டுகின்றன: அவரைக் கேள். பெருக்கிய அம்மையாரை எவரும் கேட்கவில்லை, கேளாமலே நீக்கினர். அஞ்சுகின்ற நண்பரையும் எவரும் கேட்பதில்லை, கேளாமலே சேர்க்கின்றனர். கேளாமையே இரண்டிலும் பிழை.

“அனைத்தும் அநித்தியம் என்று போதிக்கும் நாம், கல்லையும் முகத்தையும் இவ்வாறு பற்றிக்கொள்வது தம்மத்துக்கு மாறன்றோ?” என்று வினவுவாரும் உளர். நல்ல வினா. ஆனால் பகவானின் தாதுக்களை எட்டுப் பங்காக்கித் தூபிகள் எழுப்பியோர் அநித்தியத்தை அறியாதவரல்லர். செய்ந்நன்றி அறிதலை மங்கலங்களுள் ஒன்றாகவே பகவான் எண்ணினார். பற்று வேறு, கடன் வேறு. மேலும், அரசர் பெயரும் செல்வர் பெயரும் செம்பிலும் கல்லிலும் காக்கப்படும்போது ஒருவரும் அநித்தியம் பேசுவதில்லை. சுரங்கத் தொழிலாளியின் பெயர் மங்கும்போது மட்டும் அதனைப் பேசுதல் ஞானமாகாது. பண்டித அயோத்திதாசர் 1907 ஆம் ஆண்டு தொடங்கிய பத்திரிகையின் எழுத்துகள் 1999 ஆம் ஆண்டு தொகுதிகளாக வெளிவந்தமை எதனால்? பழைய தாள்களைச் சிலர் வீட்டில் பொறுப்போடு காத்துவைத்தமையால் அன்றோ? அன்றி, படமும் அநித்தியமே. அதனைத் தாங்கும் தகடு ஒருநாள் பழுதாகும். ஆதலின் ஒன்றுக்கு மூன்று படிகள் வெவ்வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அநித்தியத்தை அறிந்தவனே காப்பில் கருத்தாயிருப்பான்.

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்துப் பளிக்கறை மண்டபம் ஒன்று வருகிறது. உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரலோ வெளிவாராது. வெளியே நின்ற அரசகுமரன் கண்டது உருவத்தை. உள்ளே இருந்தவளின் உள்ளத்தை அவன் அறியவில்லை. எத்துணைக் கோடிப் புள்ளிகள் கொண்ட படமும் இப்பளிக்கறையே. சுவரிலுள்ள பெயரைக் காட்டும். அப்பெயருடையவர் எந்தக் குழியில் வேலை செய்தார், எவ்வாறு இறந்தார் என்பதைக் காட்டாது. ஆகவே படத்தோடு குரலும் வேண்டும். முதியோர் இருக்கும்போதே ஒவ்வொரு பெயரையும் சுட்டி, அவர் வரலாற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். படம் பொறுக்கும். முதியோர் பொறார்.

இவ்வாறெல்லாம் எண்ணி நம் அன்பர்கள் சில முறைகளை வகுத்துக்கொண்டனர். மற்ற ஊர்ச் சங்கத்தார்க்கும் அவை பயன்படலாம். கல்வெட்டைத் தனிப்படமாகவும் மக்களைத் தனிப்படமாகவும் எடுத்தல். எடுக்குமுன் அதனை அறிவித்து, விரும்பாதோர் நிற்க ஓரிடம் ஒதுக்குதல். மக்கள் படத்தில் எவரையும் துடைக்க நேர்ந்தால் அவரைக் கேட்டே செய்தல். ஒட்டுமுன் இருந்த மூலப்படங்கள் அனைத்தையும் காத்தல். படத்தின் அடியில், ‘இஃது இத்தனை படங்களின் ஒட்டு, இத்தனை நேரத்தில் எடுக்கப்பட்டது’ என்று எழுதுதல். முகங்கள் தெளிவாகத் தெரியும் படத்தைச் சங்கத்துக்குள் வைத்து, வெளியார்க்குச் சிறிய அளவினதைத் தருதல்.

இளைஞர் தம் பிழையை உணர்ந்து அம்மையாரிடம் சென்றனர். “அம்மா, உங்களை மறுபடியும் படத்தில் சேர்க்கப்போகிறோம். உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டனர். அவர் சிறிது நேரம் திரையில் தெரிந்த தம் உருவத்தைப் பார்த்தார். “கையில் துடைப்பம் இருக்கிறதே” என்றார். வேண்டுமாயின் விழா உடையில் வேறு படம் எடுத்துச் சேர்க்கலாம் என்றனர். அவர் மறுத்துவிட்டார். “அன்றைக்கு நான் செய்தது இதுதானே? இருக்கட்டும். ஆனால் பேரை மட்டும் சரியாக எழுதுங்கள், தம்பி” என்றார்.

இன்று அப்படத்தில் மண்டபத்து வாயிலின் இடப்புறம் அவர் நிற்கின்றார். சுவரிலுள்ள பெயர்களைத் தேடிப் படத்தைப் பெரிதாக்குவோர் அவரைக் கடந்தே செல்லவேண்டும்.